உடையாத ஹெல்மெட்

அப்புத்துரையின் நெல் ஆலை முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் மூன்று ஹெல்மெட்டுகளை வைத்திருந்தார்கள். முதலாவது மஞ்சள், குளக்கட்டு வேலை நடந்த இடத்தில் எவரோ விட்டுப்போன பிளாஸ்ரிக் தொப்பி. இரண்டாவது வெள்ளை, காதுக்கு மேலேயே முடிந்துவிடும் அரை ஹெல்மெட், உள்ளே தக்கை ஒட்டியது. மூன்றாவது சிவப்பு; தாடை வரைக்கும் மூடுகிற முழு ஹெல்மெட், முன்னால் கண்ணாடி. கொழும்பிலிருந்த அப்புத்துரையின் மைத்துனர் எண்பத்து மூன்று கலவரத்தில் உயிர் தப்பி ஓடி வந்தபோது, மோட்டார் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு இதை மட்டும் தலையில் மாட்டிக்கொண்டு வந்தாராம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுச் சித்திரையில், கனகராயன்குளத்துக்கு உள்ளே இருந்த அந்த ஊரில் ஹெல்மெட் போடுகிறவர் எவரும் இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே பெற்றோல் இல்லாமல் அதைச் சாக்கால் மூடிவிட்டுச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டுகள் தேடப்பட்டதற்குக் காரணம் லான்ட்மாஸ்டர் ஓட்டம். வருடப்பிறப்புக்கு, அறுவடை முடிந்த வயலில், லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசின்கள் இரண்டு வரம்புகளுக்கு மேலால் பாய்ந்து ஓடும். தாண்டிக்குளம் இராணுவத் தடைக்கு இப்பால் டீசல் வருவதில்லை என்பதால் மெசின் ஒன்றுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான். அந்த ஒரு போத்தலையும் விளையாட்டுக்கு ஊற்றக்கூடியவர்கள் ஊரில் இரண்டே பேர்: அப்புத்துரையும், அவருடைய சித்தப்பாவின் மகன் சிற்றம்பலமும்.

போன வருடம் ஓட்டியவர்களில் ஒருவனுக்குத் தாடை உடைந்திருந்தது. அவன் இப்போதும் கஞ்சிதான் குடிக்கிறான். ஆகவே சனசமூக நிலையக் கூட்டத்தில், இந்த முறை ஓட்டுகிறவர்கள் தலையை மூடியிருக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

தாடை ஏன் உடைந்தது என்று தெரிந்துகொள்ள மெசினைத் தெரிந்துகொள்ள வேண்டும். லான்ட்மாஸ்டருக்குச் சக்கரம் என்று இரண்டு சில்லுகள்தான். எஞ்சின் முன்னால் நெற்றிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் நீண்ட இரண்டு கைபிடிகள். நெல் மூட்டை ஏற்றும் பெட்டியைக் கழற்றிவிட்டு, சிறு சில்லு பூட்டிய ஓர் இரும்பு இருக்கையைக் கொழுவினால், அதில் குந்தியபடி கைபிடிகளைப் பிடித்து ஓட்டலாம். மெசினையும் இருக்கையையும் இணைப்பது ஒரேயொரு இரும்பு முளை. அதனால் இரண்டும் ஒன்றாக அசைவதில்லை. வரம்பில் ஏறும்போது எஞ்சின் மேலே எழும்பும், கைபிடிகள் இறங்கி முழங்காலில் இடிக்கும். வரம்பைத் தாண்டி எஞ்சின் குத்தென்று இறங்கும்போது கைபிடிகள் மேலே வரும். மெதுவாகப் போனால் நெஞ்சுக்கு. வேகமாகப் போனால் தாடைக்கு.

இதைவிட ஒரு விசித்திரமும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு கைபிடியின் கீழும் ஒரு சிறு இரும்பு நாக்கு உண்டு. இடது நாக்கை அழுத்தினால் இடது சில்லுக்கு எஞ்சினின் பலம் போகாது; வலது சில்லு மட்டும் தள்ள, மெசின் இடப்பக்கம் திரும்பும். இது மட்டமான நிலத்தில். பள்ளத்தில் இறங்கும்போது எல்லாம் தலைகீழ். அங்கே எஞ்சின் மெசினைத் தள்ளுவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. இடது நாக்கை அழுத்தினால் இடது சில்லு பிடியிலிருந்து விடுபட்டு முந்தி உருளும், மெசின் வலப்பக்கம் திரும்பிவிடும். பழகிய கைகளுக்கு இது யோசிக்காமல் வரும். யோசிக்கிறவன் விழுந்துவிடுவான்.

அப்புத்துரையின் மெசினை ஓட்டவிருந்தவன் சுடலைமுத்து. மலையகத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழு கலவரத்தில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவன். ஆலையில் மூட்டை சுமந்தான். அவனும் பெண்சாதி வீரம்மாவும் அப்புத்துரையின் மாட்டுக்கொட்டிலோடு சாய்த்து இறக்கிய தாழ்வாரப் பத்தியில் இருந்தார்கள். மாடு சிறுநீர் கழித்தால் ஈரம் பாய்க்கு வரும். ஆலைக்குப் பக்கத்தில் சீமெந்து போட்ட அறை ஒன்று பூட்டியே கிடந்தது. கதவு, தாழ்ப்பாள், ஒரு யன்னல். மெசின் ஓட்டுகிறவனுக்கென்று கட்டிய அறை. பழைய ஓட்டுநர் வவுனியாப் பக்கம் போய்விட்டதால் அது வெறுமையாக இருந்தது.

“ஓட்டத்திலை வெண்டியெண்டால் மெசினும் உனக்கு, அறையும் உனக்கு” என்று அப்புத்துரை சொல்லியிருந்தார். “தோத்தியோ, மூட்டையும் கொட்டிலும்தான்.”

வீரம்மா அன்றிலிருந்து அந்த அறையின் யன்னலை எட்டிப் பார்க்காமல் ஆலைப்பக்கம் போனதில்லை.

கைக்கும் காலுக்கும் எதைப் போடுவது என்பது விரைவிலேயே முடிவாகிவிட்டது. தடித்த தோல் கையுறை இருந்தது; சுடலைமுத்து போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினான். “நாக்கு அழுத்துப்படுதா இல்லையான்னு தெரியலீங்கய்யா.” கால்முன்னெலும்புக்கு லொறி ரியூப்பை வெட்டி, இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டினார்கள். ரியூப் இறுகக் கட்டினால் கால் விறைக்கும், தளரக் கட்டினால் கீழே வழுகும். அதற்கு அவன் கெண்டைக்கால் சதைக்கு மேலே ஒரு முடிச்சும் கணுக்காலில் ஒரு முடிச்சும் போட்டு, நடுவைத் தளரவிட்டான். சப்பாத்துக்குப் பதிலாக வயலுக்குப் போடும் றப்பர் பூட்ஸ்.

மிச்சம் தலை.

“இதிலை எது நல்லதெண்டு எப்பிடித் தெரியிறது?” என்று அப்புத்துரை கேட்டார். கேட்டுவிட்டு, பதிலையும் அவரே உள்ளே போய் எடுத்து வந்தார். நல்லெண்ணெய் பூசி மினுக்கிய சிறிய, கறுத்த தேங்காய். அவருடைய போர்த்தேங்காய்.

வருடப்பிறப்புக்கு வன்னியில் போர்த்தேங்காய் அடிக்காத ஊர் குறைவு. ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் சிறு குழியில் வைப்பார். மற்றவர் தன் தேங்காயைக் கையில் பிடித்து அதன்மேல் ஓங்கி அடிப்பார். உடைந்தது தோற்றது. உடையாதது அடுத்த தேங்காயைச் சந்திக்கும். அடி வாங்க வாங்கத் தேங்காயின் மதிப்பு ஏறும். பதினைந்து தேங்காயை உடைத்ததென்றால் அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். இது பிழையான கணக்கும் அல்ல. தேங்காய்ச் சிரட்டை உடையும், அல்லது உடையாது. உடையாமல் தப்பிய சிரட்டை முதல் நாள் இருந்ததுபோலவே மறுநாளும் இருக்கும். ஆகவே அடிபட்டு நிற்பதுதான் பலத்துக்குச் சாட்சி என்று அங்கே எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அப்புத்துரை ஒரு சாதாரணத் தேங்காயைக் குழியில் வைத்து மஞ்சள் தொப்பியால் மூடி, போர்த்தேங்காயால் அடித்தார். தொப்பி பிளந்தது, உள்ளே தேங்காயும் பிளந்து தண்ணீர் ஓடியது. வெள்ளைத் தொப்பி பிளக்கவில்லை; உள்ளே தேங்காய் பிளந்தது. சிவப்பு ஹெல்மெட்டின்மேல் அடித்தபோது ‘டொப்’ என்று ஒரு மந்தமான சத்தம். தூக்கிப் பார்த்தார்கள். தேங்காயில் கீறலும் இல்லை.

“இதடா சாமான்!” என்றார் அப்புத்துரை. பிறகு கொஞ்சம் யோசித்தார். “தேங்காய் கதைக்காது. தலைதான் சொல்லவேணும். முத்து, போட்டுக்கொண்டு இரு.”

சுடலைமுத்து ஹெல்மெட்டைப் போட்டு, நாடியின் கீழ் வாரைப் பூட்டி, முழந்தாளில் இருந்தான். அப்புத்துரை உச்சந்தலையில் அடித்தார்.

சுடலைமுத்து கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். “ஒண்ணுமே தெரியலீங்கய்யா! தலையாணியால தட்டுன மாதிரி இருக்கு.”

ஆலையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அவன் சொன்னது உண்மை. ஹெல்மெட்டின் வெளி ஓடு கடினமானது, ஆனால் தலையைக் காப்பது அது அல்ல. உள்ளே, துணிக்குப் பின்னால், இரண்டு விரல் தடிப்பில் வெள்ளை ரெஜிபோம் இருக்கிறது. புது றேடியோவைப் பெட்டிக்குள் சுற்றி வைத்திருக்குமே, அதே சாமான். அது முழுவதும் காற்றடைத்த சின்னஞ்சிறு குமிழிகள். அடி விழும்போது அவை ஒவ்வொன்றாக நசுங்கும். கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற அடியை அந்த நசுங்கல் கொஞ்சம் நீட்டிவிடுகிறது. நீளுகிற அடி நோவதில்லை. ஆனால் நசுங்கிய ரெஜிபோம் எழும்பாது. பெருவிரலால் ஒரு துண்டை அழுத்திப் பார்த்தால் தெரியும்: பள்ளம் விழும், விழுந்தபடியே இருக்கும். ஹெல்மெட் தன்னிடம் இருப்பதை ஒரு நல்ல அடிக்குக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் வெளி ஓடு பளபளப்பாகவே இருக்கும், துணியும் பள்ளத்தை மூடிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் இருந்த ஒரேயொரு நல்ல ஹெல்மெட், அது நல்லது என்று கண்டுபிடித்த அந்த மாலையிலேயே பாதி முடிந்துபோனது.

மறுநாள் சிற்றம்பலம் வந்தார். கையில் அவருடைய போர்த்தேங்காய்.

“அண்ணை, ஆரோ சொன்னாங்கள், உங்கடை தொப்பிக்கு அடிச்சால் அடி தெரியாதாம்.”

“தெரியாதுதான்.”

“நீங்கள் அடிச்சால் தெரியாது. உங்கடை அடி அப்பிடி.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புத்துரையின் முகம் சுண்டியது. “முத்து! தொப்பியைப் போடு!”

சிற்றம்பலம் வேட்டியை மடித்துக் கட்டி, குதிக்காலை உயர்த்தி, முழுத் தோளையும் சேர்த்து அடித்தார். சுடலைமுத்துவின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

“என்னடா?” என்றார் அப்புத்துரை.

“பரவாயில்லீங்கய்யா.”

“கேட்டியோ சிற்றம்பலம்? பரவாயில்லையாம்.”

அதிலிருந்து பின்னேரங்களில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தேங்காய் வைத்திருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். நெடுங்கேணியிலிருந்தும் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஆலை முற்றத்தில் சுடலைமுத்து முழந்தாளில் இருப்பான். அடிக்கிறவர் ஹெல்மெட்டின் உச்சியைக் கையால் தடவி, இடம் பார்த்து அடிப்பார். ஒருவருடைய தேங்காய் ஹெல்மெட்டில் பட்டு உடைந்தது. அன்று அப்புத்துரை எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். ‘போர்த்தொப்பி’ என்று அதற்குப் பெயரும் வந்தது.

“ஐயா, இன்னைக்குக் கொஞ்சம் நோவுதுங்க” என்று சுடலைமுத்து ஒருநாள் சொன்னான்.

“எங்கை நோகுது?”

“உச்சியில. காதுக்குள்ள ஒரு இரைச்சலும்…”

அப்புத்துரை ஹெல்மெட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோருக்கும் காட்டினார். “பாருங்கோ. ஒரு கீறு இருக்கோ? தொப்பி நோகேல்லை எண்டுது, உள்ளுக்கை இருக்கிறவருக்கு நோகுதாம்.”

“தோட்டத்திலை தேயிலைக் கொழுந்து கிள்ளின மண்டை, கொழுந்து மாதிரித்தானே இருக்கும்” என்றார் சிற்றம்பலம்.

“ஏலாதெண்டால் இப்பவே சொல்லு, முத்து. இருக்கையிலை குந்த எனக்கு ஆள் இல்லையோ?”

“ஏலுங்கய்யா” என்றான் சுடலைமுத்து. ஹெல்மெட்டை வாங்கித் திரும்பப் போட்டுக்கொண்டான்.

அன்றிரவு வீரம்மா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். “என்னாங்க, இங்கன பள்ளமா இருக்குது. சுத்தி மெத்துனு இருக்கு, நடுவுல கல்லு மாதிரி.”

“துணியக் கிழிச்சிராத. ஐயாவோடது.”

“கிழிக்கலீங்க. என் பழைய சீலையை மடிச்சு இதுல வச்சிருறேன்.”

அவளுக்கு இன்னொரு தலையைப் பற்றியும் கவலை இருந்தது. சிற்றம்பலத்தின் மெசினை ஓட்டவிருந்தவன் அவளுடைய தம்பி அஜந்தன். இருபது வயது. வன்னியிலேயே வளர்ந்ததால் அவன் பேச்சில் மலையகம் இல்லை. ‘தலையை மூடவேண்டும்’ என்ற தீர்மானத்துக்குச் சிற்றம்பலம் அவனுக்குக் கொடுத்தது ஒரு துவாய்த் துண்டு. ஆகவே வீரம்மா ஒரு சாக்கை வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்து, இடையில் வைக்கோலைத் திணித்து, காதும் நாடியும் மூடும்படி ஒரு குல்லா செய்தாள். பார்க்க உழுந்து வடைக்குள் முகம் வைத்ததுபோல் இருந்தது.

“அக்கா, இதைப் போட்டால் சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்டா. சிரிச்சா மண்டை ஒடையாது.”

மறுநாள் அப்புத்துரை ஹெல்மெட்டுக்குள் சீலைத் துண்டைக் கண்டார். நெருப்பைத் தொட்டதுபோல் அதை இழுத்து எறிந்தார்.

“ஆர் வைச்சது? ஆர் வைச்சதெண்டு கேக்கிறன்!”

போர்த்தேங்காயில் பெரிய அவமானம் தோற்பது அல்ல. தேங்காயில் துளையிட்டு, உள்ளே மெழுகை உருக்கி விட்டு, துளையை அடைத்துக்கொண்டு வந்து பிடிபடுவதுதான். அப்படிப் பிடிபட்டவரின் பிள்ளைகளுக்குக்கூட ஊரில் ‘மெழுகு’ என்று பட்டம் இருந்தது. சீலை வைத்த ஹெல்மெட்டும் அப்புத்துரைக்கு மெழுகு விட்ட தேங்காய்தான்.

“ஐயா, அவருக்கு நோவுதுன்னுதான் வச்சேன்” என்றாள் வீரம்மா.

“சிற்றம்பலம் கண்டிருந்தால்? அப்புத்துரை சீலையை அடைஞ்சு வெண்டவனெண்டு தண்ணீரூற்றுச் சனம் வரைக்கும் கதை போயிருக்கும். உனக்கு அறை வேணுமோ வேண்டாமோ?”

வீரம்மா சீலைத் துண்டைப் பொறுக்கி மடித்தாள். “வேணுங்கய்யா” என்றாள்.

வருடப்பிறப்பன்று வயலைச் சுற்றிச் சனம் நின்றது. ஓட்டப் பாதை எளிமையானது: இந்தப் பக்கத்திலிருந்து வரம்புகளுக்கு மேலால் போய், வாய்க்காலில் இறங்கி ஏறி, தூரத்து மருத மரத்தைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். அஜந்தன் வைக்கோல் குல்லாவோடு வந்ததும் கூக்குரல் எழும்பியது.

“வயல் வெருளி வருது! நெல் வெட்டி முடிஞ்சுதடா தம்பி, இனி ஆரை வெருட்டப் போறாய்?”

“மாடுகளைப் பிடியுங்கோ, தலையைத் தின்னப் போகுதுகள்!”

அஜந்தன் நிலத்தைப் பார்த்தபடி இருக்கையில் ஏறினான். சிற்றம்பலமே சிரித்தார்.

சுடலைமுத்து சிவப்பு ஹெல்மெட்டோடு வந்தபோது விசில் பறந்தது. மெசினில் ஏறப்போனவனை அப்புத்துரை தடுத்தார். இவ்வளவு சனம் கூடியிருக்கும்போது காட்டாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

“சிற்றம்பலம், கடைசியா ஒண்டு அடிச்சுப் பார். எல்லாரும் பாக்கட்டும்.”

சுடலைமுத்து இரண்டு கைகளாலும் மெசினின் கைபிடியைப் பிடித்துக்கொண்டான். “ஐயா, ஓட்டம் முடிஞ்சப்புறம்…”

“இரடா.”

அவன் முழந்தாளில் இருந்தான். சனத்துக்குள் நின்ற வீரம்மா முன்னால் வரப் பார்த்தாள். ஒருவர் சேலையைப் பிடித்து, “மறைக்காதை பிள்ளை” என்று பின்னால் இழுத்தார். சிற்றம்பலம் அடித்தார். இந்த முறை ‘டொப்’ இல்லை. பலகையில் பலகை பட்டதுபோல் ‘டக்’ என்று கேட்டது. இடையில் நசுங்குவதற்கு எதுவும் மிச்சமில்லாதபோது வருகிற சத்தம் அது. சனத்துக்கு அந்தச் சத்தம் முந்தியதைவிட நன்றாகப் பிடித்தது.

சுடலைமுத்து எழும்பினான். மெசின் இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினான். பிறகு கண்டுபிடித்து ஏறிக்கொண்டான்.

தொடங்குவதற்கு அடையாளமாக உயர்த்திப் பிடித்திருந்த துவாய் விழுந்ததும் இரண்டு மெசின்களும் கறுப்புப் புகையோடு பாய்ந்தன. முதல் வரம்பில் அஜந்தன் முந்தினான். இரண்டாவதிலும் அவன்தான் முன்னால். சுடலைமுத்துவுக்கு வயல் ஒரு தட்டுப்போல் மெதுவாகச் சாய்ந்துகொண்டே போனது. அவன் பார்ப்பதை விட்டுவிட்டான். கைபிடிகள் இறங்கினால் ஏற்றம், எழும்பினால் இறக்கம். அது அவன் உள்ளங்கைகளுக்குத் தெரிந்தது. கைபிடி மேலே வந்த ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பின்னால் எடுத்துத் தாடையைத் தப்பவைத்தான்.

வாய்க்காலில் இறங்கும்போது அஜந்தன் யோசித்தான். மெசின் வலப்பக்கம் வழுகியது. இடது பக்கம் திருப்பவேண்டும் என்று நினைத்து இடது நாக்கை அழுத்தினான். பள்ளத்தில் அது தலைகீழ். மெசின் இன்னும் வலப்பக்கம் சுழன்று, சரிந்து, அவனைத் தூக்கி வாய்க்கால் கரையில் எறிந்தது. தலை முதலில் பட்டது. சனம் ‘ஓ’ என்றது. வைக்கோல் அமுங்கியது. அவன் உருண்டு எழும்பி இருந்து, குல்லாவைத் தொட்டுப் பார்த்து, முகத்தைத் துடைத்தான். உடம்பில் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

சுடலைமுத்து அவனைக் கடந்து இறங்கினான், வலது நாக்கை அழுத்தி இடது பக்கம் திரும்பி, ஏறி, மருத மரத்தைச் சுற்றி, தனியாகத் திரும்பி வந்தான்.

வெற்றிக் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார்கள். அவன் இருக்கையிலிருந்து இறங்கி ஓரடி வைத்து, இடப்பக்கமாக விழுந்தான். எழும்பினான். திரும்பவும் இடப்பக்கமாக விழுந்தான்.

“வருசத்துக்குப் போட்டிட்டு வந்திருக்கிறார்!”

“போத்தல் மெசினுக்கோ உனக்கோடா?”

ஹெல்மெட்டுக்குள்ளேயே அவன் ஓங்காளித்துச் சத்தி எடுத்தபோது சிரிப்பு இரண்டு மடங்காகியது. வீரம்மா ஓடிவந்து வாரைக் கழற்றினாள். அப்புத்துரை அவளிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கி, வாய்க்கால் தண்ணியில் அலசி, துடைத்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஒரு கீறலும் இல்லை. சனம் கைதட்டியது.

காதுக்குள், எலும்பின் நடுவே, மயிரளவு தடிப்பில் மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர். தலை சாய்ந்தால் நீர் பின்தங்கும். அதைக்கொண்டு உடம்பு எது நேர், எது சரிவு என்று அறிந்துகொள்கிறது. மேசன்மார் சுவரில் வைத்து மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயைப்போல, ஆனால் அதைவிட நுட்பமானது. சுடலைமுத்துவுக்கு ஒரு பக்கத்துக் குழாய்கள் பொய் சொல்லத் தொடங்கிவிட்டன. நின்றாலும் நிலம் சாய்ந்தது. மேலே பார்த்தால் விழுந்தான். எஞ்சின் நடுங்கினால் சத்தி எடுத்தான். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, படுத்திருக்கச் சொன்னார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்புத்துரை தன் வாக்கை ஒரேயடியாக மாற்றவில்லை. மெசினை அவனிடம் கொடுத்தார். மூட்டைகளோடு குளக்கட்டில் போனவன் நேரான பாதையில் இடப்பக்கமாகவே போய்ப் பெட்டியைப் பனங்கூடலுக்குள் கவிழ்த்தான். இன்னொரு முறை கொடுத்தார். ஆலைச் சுவரின் மூலை உடைந்தது.

“நான் சொன்னதைச் செய்தனான்” என்று அவர் வீரம்மாவிடம் சொன்னார். “மெசினைக் குடுத்தன். அவனாலை ஓட்ட ஏலாட்டில் நான் என்ன செய்ய?”

“நீங்க அடிச்சு அடிச்சுத்தானே ஐயா…”

“தொப்பிக்குத்தானே அடிச்சது?” அவர் உண்மையாகவே வியப்போடு கேட்டார். “தொப்பி உடையேல்லை. அங்கை ஆணியிலை கொழுவியிருக்கு, போய்ப் பார். இவன்ரை தலை முதலே பழுது. நல்ல காலம், தொப்பி இருந்தபடியால் இந்தளவோடை போச்சு.”

அவர் அதை நம்பினார். ஊரும் நம்பியது.

அடுத்த கிழமை அஜந்தனைக் கூப்பிட்டார். சிற்றம்பலத்தின் ஓட்டுநரை எடுத்துவிட்டால் சிற்றம்பலத்துக்கு இன்னுமொரு அடி அடித்ததாகும்.

“மெசின் உனக்கு. அறையும் உனக்கு.”

அஜந்தன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். “அக்காவும் அத்தானும் அறையிலை இருக்கட்டும் ஐயா. நான் கொட்டிலிலை படுக்கிறன்.”

“ஓட்டுறவன்தான் அறையிலை இருப்பான். வேணுமெண்டால் உன்ரை அக்காவைக் கூட்டிக்கொண்டு வா, சமைக்க ஆள் தேவைதானே. அத்தானை அங்கையே விடு. சீமெந்திலை சத்தி எடுத்தானெண்டால் ஆர் கழுவுறது?”

அஜந்தன் அந்தச் சொல்லையே கொட்டிலுக்குக் கொண்டுவந்தான். சுடலைமுத்து சுவரில் முதுகை ஒட்டி, கண்களை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் நிலத்தில் ஊன்றி இருந்தான். “போ புள்ள” என்றான். “ஈரம் இருக்காது.”

வீரம்மா தம்பியைப் பார்த்தாள். “நீ என்ன சொன்ன?”

“நான்… இல்லாட்டில் வேறை ஆளைப் பிடிப்பராம் அக்கா. வேறை ஆள் வந்தால் உங்களைக் கொட்டிலிலையும் விடமாட்டாராம்.”

“சரி. நீ போய் இரு” என்றாள் அவள். “நாங்க இங்கனயே கெடக்கோம்.”

சுடலைமுத்துவுக்கும் அப்புத்துரை ஒரு வேலை வைத்திருந்தார். லான்ட்மாஸ்டருக்குப் பற்றரி இல்லை. கையால் சுற்றித்தான் இயக்கவேண்டும். இடது கையால் எஞ்சினின் மேலுள்ள சிறு திருகைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே காற்று அமுங்காது, வலது கையால் இரும்புக் கம்பியைச் சுற்றலாம். சில்லுப்போல் கனத்த தட்டு உள்ளே வேகம் எடுத்ததும் திருகை விடவேண்டும். அதற்குப் பலமான தோளும் சரியான கணமும் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் காலைக் குளிரில் இலேசில் பிடிக்காது. அஜந்தனுக்கு அந்தத் தோள் இல்லை. மூட்டை சுமந்த சுடலைமுத்துவுக்கு இருந்தது.

முதல் நாள் காலை வீரம்மா அவனைக் கைப்பிடித்து மெசின்வரை கூட்டிவந்து விட்டாள். அஜந்தன் ஏற்கெனவே இருக்கையில் இருந்தான். ஆலைக்கு நெல்லோடு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

“எங்கை, வெண்ட வீரன் சுத்தட்டும் பாப்பம்” என்றார் ஒருவர்.

சுடலைமுத்து இடது தோளை எஞ்சினின் தகட்டில் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு சுற்றினான். கண்ணை மூடினால்தான் அவனால் முடிந்தது. ஒரு சுற்று, இரண்டு, வேகம், திருகை விட்டான். எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. இரும்புக் கம்பியைப் பிழையில்லாமல் கழற்றி எடுத்தான்.

“அச்சா!” என்றார் அப்புத்துரை. “பாத்தியளே, வேலைக்கு உதவாதெண்டு நான் ஆரையும் கலைக்கிறேல்லை. அஜந்தன், எடடா வண்டியை. வெய்யில் ஏறுது.”

“அத்தான், விலகுங்கோ” என்றான் அஜந்தன். எஞ்சின் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

சுடலைமுத்து விலகவில்லை. கண்களை மூடியபடி, நடுங்குகிற தகட்டில் தோளைச் சாய்த்தபடி நின்றான். அவனைச் சுற்றி அந்த முற்றத்தில் சாயாமல் நின்ற ஒரே பொருள் அது.

“என்னடா பாக்கிறாய்? எடு!” என்றார் அப்புத்துரை.

அஜந்தன் மெசினைப் பின்பக்கமாக எடுத்தான்.

தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போக, சுடலைமுத்து இரும்புக் கம்பியோடு முற்றத்தில் முகம் குப்புற விழுந்தான். நெல்லோடு வந்தவர்களில் ஒருவர் கையைத் தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அஜந்தன் மெசினைத் திருப்பி, திரும்பிப் பார்க்காமல், றோட்டுக்கு ஏற்றினான். வீரம்மா வந்து தூக்கும்வரை சுடலைமுத்து அசையவில்லை. நிலத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

“நாளைக்கு ஆறு மணிக்கு” என்றார் அப்புத்துரை, ஆலைக்குள் போனபடி. “பிந்தக்கூடாது.”